அப்பா பாஸாகிவிட்டார்

வியாழன், இரவு

மருத்துவத்துறைத் தொழில்முனைவுப் படிப்புக்காக நாங்கள் செய்த மூச்சுக் கருவியை இன்று எங்கள் ஊரில், மூடிய தங்கச் சுரங்கமான நந்திதுர்க்கில், பழைய சுரங்கத் தொழிலாளர்களிடம் சோதித்தேன். நுரையீரல் கெட்டிருந்தால் சிவப்பு விளக்கு எரியும். ஒருவருக்கும் எரியவில்லை. வாழ்நாளெல்லாம் பாறைத்தூசி தின்றவர்கள், மலைவாசத்தலத்தில் பிறந்தவர்கள் போல ஊதினார்கள். அப்பாவும்தான்.

"இன்னாம்மா, நான் பாஸா?" என்றார்.

"பாஸ்தான்ப்பா."

வீட்டுக்கு வந்ததும் அம்மா சிரித்தாள். "எல்லாரும் இன்ஹேலர் இழுத்துக்கினுதான் வந்தாங்க. சுரங்கத்து மெடிக்கல் செக்கப்புல அன்ஃபிட்னு போட்டா ஷிஃப்ட் கிடைக்காதில்ல?"

சுரங்கத்தை மூடியபோது நான் பிறக்கவே இல்லை.

நாளை பெங்களூரில் நடுவர்களுக்கு இந்த முடிவுகளைக் காட்ட வேண்டும். பேராசிரியருக்கு ஒரே ஒரு கவலை: இவ்வளவு ஆரோக்கியமான ஊரில் யார் முதலீடு செய்வார்கள்?

சாப்பிட்டதும் அப்பாவிடம் இன்ஹேலர் இல்லாமல் ஒருமுறை ஊதச் சொன்னேன்.

"பாஸானவன மறுபடி கூப்புட்டா அன்ஃபிட் பண்ணத்தான். எனக்குத் தெரியாதா? போம்மா."

இப்போது அடுத்த அறையில் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டு இருமுகிறார். நிற்கவே இல்லை. கருவியோடு போனால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். வெறுங்கையோடு போய்ப் பக்கத்தில் உட்காரப்போகிறேன்.