சாமி பாட்டில் வந்த பஸ்

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு

உடம்பெல்லாம் அசதி, தூக்கம்தான் வரவில்லை. தம்பி மகள் செல்வி சொந்தமாகப் பாட்டுக் கட்டி, கிடாரோடு பாடி போனில் போடுகிறாள். நான் மாரியம்மனுக்குப் பாடும் மெட்டிலேயே ஒடுகத்தூர் பஸ்ஸைத் திட்டி ஒரு பாட்டு. இரண்டு நாளாக வீட்டில் அதுதான்.

இன்று கூழ் ஊற்றும்போது, "ஆடி அசைஞ்சு வாடி தாயே" என்று பாட வேண்டிய இடத்தில், "வாடா ஓட்டை பஸ்ஸே" என்று பாடிவிட்டேன். கோயிலே சிரித்தது.

"ஆத்தா கோவிச்சுக்கினா இன்னாடி பண்றது?" என்று செல்வியைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ பாடிக் கேட்டுத்தான் அத்தே எனக்குப் பாட்டே வந்துச்சு. இது பஸ் வராத ஊருன்னு ஆத்தாவுக்குத் தெரியாதா?"

அதற்கு மேல் திட்ட முடியவில்லை. ஆத்தாவிடம் மன்னிப்புக் கேட்டு ஒழுங்காகப் பாடிவிடலாம் என்று விளக்கேற்றி உட்கார்ந்தேன். "ஆடி அசைஞ்சு" வரைக்கும் சரி. அப்புறம் மறுபடியும் பஸ்தான் வந்தது.