அறுக்காத கயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

முதலில் மன்னித்துவிடுங்கள். இறந்துபோனவருக்கு எழுதுவதுபோல் உங்களுக்கு எழுதுகிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் நோர்வூட் தோட்டத்துப் பக்கம் என்னைத் தலைகாட்ட விடமாட்டாள். அவளுக்கு நீங்கள் இன்னும் கடலில்தான் இருக்கிறீர்கள். உடல் வராத வீட்டில் கருமாதி எதற்கு என்கிறாள். பொட்டை அழிக்கவில்லை. உங்கள் சட்டைகளை யாருக்கும் கொடுக்கவுமில்லை.

எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. விலங்கியல் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று லயத்து வீடெல்லாம் கேட்டதே, இதைத்தான் செய்கிறேன். நீர்கொழும்பில் படகுகள் கரைசேரும் இடத்தில் நின்று, என்னென்ன சுறா இறங்குகிறது என்று பார்த்து எழுதுவது. பிடிக்கக்கூடாத சுறா தூண்டிலில் மாட்டினால் கயிற்றை அறுத்து விட்டுவிடுங்கள் என்று படகுக்காரர்களிடம் சொல்வது. என் குரல்தான் உங்களுக்குத் தெரியுமே. பாதிப் பேருக்குக் கேட்பதில்லை. கேட்டவர்கள் சிரிக்கிறார்கள்.

"தேயிலைத் தோட்டத்துல இருந்து வந்து எங்களுக்குக் கடல் பாடம் எடுக்கிறீங்களா மிஸ்?"

அம்மா சிரிக்கவில்லை. தீபாவளிக்குப் போனபோது வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள்.

"உங்கப்பாவ தின்ன மீனுக்கு நீ காவலா?"

"அப்பா வருவாருன்னும் சொல்றீங்க, தின்னுருச்சுன்னும் சொல்றீங்க. ஏதாச்சும் ஒன்ன சொல்லுங்கம்மா."

"படிச்ச வாயி. பேசு."

 ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சுறா தின்றது என்ற பேச்சை லயத்துக்குக் கொண்டுவந்தவர் உங்கள் படகு முதலாளி. வெள்ளைச் சட்டையும் பிஸ்கட் பெட்டியுமாக வந்து, "சுறா கொண்டு போனது, சாமி செயல்" என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சட்டையில் ஒரு கறைகூட இல்லை.

போன மாதம் துறைமுகத்தில் வட்டகொடை செல்லையா மாமாவைப் பார்த்தேன். உங்களோடு தோட்டத்தை விட்டு வந்து அதே படகில் ஏறியவர். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நழுவப் பார்த்தார். வழியை மறித்து நின்றேன். மறித்தது நான்தான் அப்பா, நம்ப மாட்டீர்கள்.

"உங்கப்பா ரப்பர் படங்கு கட்டியிருந்தாரும்மா. தேயிலச் செடிய கவ்வாத்து வெட்டுறப்ப இடுப்புல சுத்திக்குவோமே, அதே மாதிரி. ஈரம் ஏறாதாம். கடல்ல எவனும் அப்பிடி கட்டமாட்டான். நீள வால் சுறா ஒன்னு மாட்டி இழுத்துச்சு. ஓடுன கயித்துல இருந்த இன்னொரு தூண்டி படங்க கொத்தி, அவரையும் சேத்து கடலுக்குள்ள இழுத்துருச்சு."

"கயித்த அறுக்கலையா மாமா?"

"கத்தி என் கையிலதான் இருந்துச்சு. அறுக்காத, சுறாவோட செட்ட போயிரும், அந்தத் துடுப்புக்குத்தான் காசுன்னு ஓட்டுறவன் கத்துனான். மொதலாளி சொல்லி அனுப்புனது அது."

சுறா உங்களைத் தின்னவில்லை அப்பா. உங்களைப்போல அதுவும் கொக்கியில் மாட்டி, தப்பிக்கத்தான் இழுத்தது. ஒரு வெட்டு விழுந்திருந்தால் அது கடலுக்குப் போயிருக்கும், நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அந்த மீனைக் கரைக்குக் கொண்டுவருவதே குற்றம். அதனால் அதை ஒளித்து விற்றார்கள். அதனால்தான் உங்கள் சாவுக்கும் ஒரு கதை தேவைப்பட்டது.

உங்கள் மேலும் எனக்குக் கோபம்தான். நீச்சல் தெரியாது என்று ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? மிதவைச் சட்டை எங்கே என்று ஏன் கேட்கவில்லை? தோட்டத்தில் கங்காணி சொன்னதற்கெல்லாம் தலையாட்டிய பழக்கத்தைக் கடலுக்கும் கொண்டுபோனீர்களா?

அம்மாவிடம் படங்கைப் பற்றிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழைய ரப்பர் சீட்டை வெட்டி, கயிறு கோத்து, உங்கள் பையில் வைத்தவள் அவள்தானே. தவறிக் கடலில் விழுந்துவிட்டார் என்று மட்டும் போனில் சொன்னேன். "விழுந்தவரு எங்கயாச்சும் கரை ஏறியிருப்பாரு" என்று வைத்துவிட்டாள்.

செல்லையா மாமா பொலிஸில் வாக்குமூலம் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் மனம் மாறுவதற்குள் நானே கூட்டிப் போவேன். முதலாளி எதிரில் நின்று, நடந்ததை நடந்தபடி சொல்வேன். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இந்த வேலையையும் விடமாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

ஒன்றைக் கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். கேட்கப் பயமாக இருந்ததால் கடைசிவரை தள்ளிவிட்டேன். நான் எப்படிச் சொன்னாலும் அம்மா நம்பமாட்டாள். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒரே ஒரு முறை அவள் கனவில் வந்து, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள்.

உங்கள் மூத்தவள்