அக்காவின் லீவு

அன்புள்ள தம்பிக்கு,

பஸ் டிரைவரிடம் நீ பாலாடைக்கட்டி வைத்துச் சுட்டுக் கொடுத்தனுப்பிய புரெக் வந்து சேர்ந்தது. அலுவலகத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். என்னால்தான் முடியவில்லை.

சர்வதேச உறவுகள் படிக்க நான் தலைநகர் பிரிஷ்டினாவுக்குக் கிளம்பிய அன்று, பேக்கரியிலிருந்து மாவுக் கையோடு ஓடி வந்தாயே, நினைவிருக்கிறதா? "நீ தூதரானா எல்லாக் கதவையும் எனக்குத் தெறந்துவிடணும்க்கா" என்றாய். "உனக்குத்தான்டா முதல் கதவு" என்றேன். இப்போது வெளிநாட்டுத் தூதரகம் ஒன்றில் விசா விண்ணப்பங்களைச் சரிபார்த்து அடுக்குகிறேன். என்னோடு படித்தவர்களுக்கு இதுவே பொறாமை.

உன் ஆறு வாரப் பேக்கரிப் பயிற்சிக்கான விண்ணப்பம் வந்ததும், சொந்தத் தம்பி என்று விதிப்படி எழுதிக் கொடுத்து விலகிக்கொண்டேன். அப்படியும் விசா அதிகாரி என்னை வராந்தாவில் நிறுத்தி, "உங்க தம்பி போனா திரும்பி வருவாரா?" என்று கேட்டார்.

வருவாய். அந்த அடுப்பை விட்டு நீ ஒரு வாரம்கூட இருந்ததில்லை. ஆனால் என் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான். "எனக்குத் தெரியாது சார்" என்றேன்.

"அக்கா அன்னிக்கு லீவு. இருந்திருந்தா விசா வாங்கிக் குடுத்திருப்பா" என்று ஊரெல்லாம் சொல்கிறாயாம். அம்மா சொன்னாள்.

லீவு என்று உன்னிடம் சொன்னது பொய். நீ மறுப்புக் கடிதத்தை வாங்கியபோது நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன். "அக்காகிட்ட நீங்க சொல்லிடாதீங்க, வருத்தப்படுவா" என்று கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் நீ சொன்னதும் கேட்டது.

உன் அக்கா