ஏலத்தில் மீட்ட பட்டாம்பூச்சி

ரிச்சர்ட்ஸ் டவுன்,
பெங்களூரு

அன்பு மகள் கேரலுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் அப்பாவும் சுகம். கிளாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறோம். போனில் மாட்டுகிற குட்டி லென்ஸ் அனுப்பினாயே, அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கொல்லையில் எறும்பு, சிலந்தி என்று யாரையும் விடுவதில்லை. தொட்டி எலுமிச்சையில் ஒரு புழு கூடு கட்டியிருந்தது, பட்டாம்பூச்சி வெளியே வருவதைப் படமெடுத்து உனக்கு அனுப்பியே தீருவதென்று காவல் இருந்தேன். சனிக்கிழமை கூடு கறுத்து, உள்ளே இறக்கையின் மஞ்சள் தெரிந்தது. மறுநாள் காலை கோயிலுக்குக் கிளம்பும்போது பார்த்தால் தொட்டியைக் காணோம். அன்று அறுப்பின் பண்டிகை, நம் வீட்டுக் காணிக்கையாக ஏலத்துக்கு உன் அப்பா முன்னமே கொண்டுபோய் வைத்துவிட்டார். கூட்டைக் காய்ந்த இலை என்றல்லவா நினைத்தேன் என்கிறார் மனிதர்.

ஆராதனை முழுக்க என் மனம் தொட்டியில்தான். ஏலத்தில் நம் செடியை நானே கேட்டேன். பாடகர் குழு டிரேவர் சும்மா இருப்பாரா, எனக்குப் பக்தி பொங்கிவிட்டதென்று நினைத்து அவரும் விலையை ஏற்றிக்கொண்டே போனார். கடைசியில் அவர் காதருகே போய், அண்ணா செடியில பூச்சி இருக்கு, வுட்டுடுங்க என்றேன். உடனே கையை இறக்கினார். நான் பொய் சொல்லவில்லையே. திரும்பும்போது ஆட்டோவில், அப்பா மடியில் இருந்த தொட்டியிலேயே கூடு பிளந்தது. ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கசங்கிய ஈரத்துணி மாதிரி வெளியே வந்து மெல்ல மெல்ல இறக்கையை விரித்தது கேரல். பூச்சியை விட்டுக் கண்ணை எடுக்காமல் போனை நீட்டி அழுத்திக்கொண்டே இருந்தேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒரு படத்திலும் பூச்சி இல்லை. கோயில் வாசலில் பிரிஸில்லா ஆன்டியோடு செல்ஃபி எடுத்துவிட்டு கேமராவைத் திருப்பவே இல்லை நான். எல்லாவற்றிலும் என் திறந்த வாய், ஓரத்தில் எட்டிப் பார்க்கும் ஆட்டோக்காரரின் மீசை, பக்கத்தில் பல்செட் நழுவச் சிரிக்கும் உன் அப்பா. அழித்துவிடு என்று கெஞ்சுகிறார். மாட்டேன் என்று சொல்லி, ஒன்றைப் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்கிற படம் வீட்டில் இது ஒன்றுதான்.

ஆண்டவர் உனக்கு நல்ல வேலையும் நிம்மதியான தூக்கமும் தரட்டும். காதை மூடாமல் வெளியே போகாதே.

முத்தங்களுடன்,
உன் அம்மா
பியாட்ரிஸ்