ஒலிநாடாவில் கேட்ட உன் குரல்

உத்திரமேரூர்,
14-11-1982

அன்புள்ள சுகுணாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு இடது கண்ணிலும் புரை முற்றிவிட்டது, தை கழிந்ததும் அறுவை செய்துகொள்ளலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். அங்கே மலையில் பனி ஆரம்பித்துவிட்டது என்று எழுதியிருந்தாய், காதை மூடிக்கொள்ளாமல் வெளியே போகாதே, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதுவலி உண்டு. இங்கே இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, ஏரியில் கால்வாசித் தண்ணீர்கூட இல்லை, கிணறு இருப்பவர்கள் மட்டும் நடவு போட்டிருக்கிறார்கள். உன் கடிதம் வந்து பன்னிரண்டு நாளாகிறது. வேலை அதிகம் என்று பொய்க் காரணம் சொல்ல விரும்பவில்லை. கோபத்தோடு எழுதக் கூடாது என்று காத்திருந்தேன், கோபம் குறைகிற வழியாக இல்லை, அதனால் எழுதிவிடுகிறேன். செங்கேணி எப்படி இருக்கிறாள், அவளுக்கு உங்கள் பள்ளியிலிருந்து என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறாய். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு எது தெரியும் எது தெரியாது என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது.

போன ஜனவரியில் உன் சர்வதேசப் பள்ளியிலிருந்து பதினொரு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தாய், எட்டு நாட்டுப் பிள்ளைகள். ஒரு கிராமத்தில் பத்து நாள் தங்கி, பார்த்து, கேட்டு, எழுதுவது அவர்கள் பாடத்தில் ஒரு பகுதி, அதற்கு மதிப்பெண் உண்டு என்றாய். காவாந்தண்டலத்துப் பஞ்சாயத்துத் தலைவர் பாண்டுரங்கன் தன் புதுவீட்டையே ஒழித்துக் கொடுத்தார். எனக்கு அப்போதே மனம் ஒப்பவில்லை. இருபத்தைந்து வருஷமாக இங்கே பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன், இப்போது தலைமை ஆசிரியையும்கூட, எனக்கே இந்த ஊர்ப்பக்கம் பாதிதான் தெரியும், பத்து நாளில் யாருக்கு என்ன தெரிந்துவிடும் என்று நினைத்தேன். ஆனால் பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், அதை மறுக்க மாட்டேன். கென்யா தேசத்துப் பையன் அப்பாவிடம் மாட்டுவண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு வாய்க்காலில் இறக்கியதை அப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நார்வே தேசத்துப் பெண் இங்கிரிட் எங்கே போனாலும் நோட்டுப்புத்தகத்தோடு போனாள். காலனிக்குள் அவர்களை அழைத்துப் போய்ப் பேசவைக்க ஒரு பெண் வேண்டும் என்று நீ கேட்டபோது செங்கேணியை அனுப்பியது நான்தான். என் மாணவி, அருள்தாஸின் மகள், அந்தக் காலனியில் முதன்முதலாக ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்தவள், பொங்கல் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். என் பெண்ணிடம்தானே அனுப்புகிறோம் என்று யோசிக்காமல் அனுப்பினேன்.

அவளுக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் எஸ்தர். பள்ளி ஏட்டில் செங்கேணி, இந்து ஆதிதிராவிடர். அந்தக் காலனியில் முப்பது வீடு என்றால் இருபது வீட்டில் இப்படித்தான், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு பெயர், சர்க்கார் காகிதத்துக்கு ஒரு பெயர். தேவாலயத்துக்குப் போனால் ஆதிதிராவிடர் ஒதுக்கீட்டு இடம் கிடையாது என்பது சட்டம். மதம் மாறியதால் யாரும் அவர்களைக் காலனியிலிருந்து எடுத்து ஊருக்குள் குடிவைத்துவிடவில்லை, ஆனால் சட்டம் அப்படி. இது பாதிரியாருக்குத் தெரியும், ஆறாம் வகுப்பில் அவளைச் சேர்த்துக்கொண்டு ஏட்டில் எழுதிய எனக்குத் தெரியும், பாண்டுரங்கனுக்கும் தெரியும். தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை, அவ்வளவுதான் அந்தப் பெண்களுக்கு இருந்த பாதுகாப்பு.

ஜூன் மாதம் உன் பள்ளி ஆண்டு மலர் வந்தது. முதல் பரிசு பெற்ற கட்டுரை இங்கிரிட் எழுதியது, இரண்டு பெயர் கொண்ட பெண் என்று தலைப்பு, பக்கத்தில் செங்கேணி தேவாலயத்து வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற படம். கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஊர்ப்பெயர், அப்பன் பெயர், பயிற்சிப் பள்ளி, எந்த ஒதுக்கீடு, ஒன்றையும் விடவில்லை. எனக்கு ஒரு பிரதி அனுப்பினாய், வீடு கொடுத்ததற்கு நன்றியாகப் பாண்டுரங்கனுக்கும் ஒன்று அனுப்பினாய். அவருக்கு ஆங்கிலம் வராது, மருமகன் வேதாசலம் படித்துச் சொல்லியிருக்கிறான். அவருடைய இளைய மகள் அதே பயிற்சிக்கு இரண்டு வருஷமாக விண்ணப்பம் போட்டு இடம் கிடைக்காமல் வீட்டில் இருக்கிறாள் என்பதை நான் உனக்கு எழுதியிருக்கிறேன், நீ மறந்திருப்பாய். மலர் தாசில்தார் மேஜைக்குப் போய்விட்டது. நான் பாண்டுரங்கனிடம் போய்க் கேட்டேன். இன்னாத்துக்கு டீச்சரம்மா என்னைக் கோச்சிக்கிறீங்கோ, உங்க பொண்ணு அச்சுப் போட்டு அனுப்பிச்சது, நான் இன்னா இட்டுக் கட்டினனா, அதிகாரியும் படிக்கட்டுமேன்னு குடுத்தேன் என்றார். டீக்கடையில் அவர் ஆட்கள் அருள்தாஸைப் பார்த்து, இன்னாபா, ரெண்டு பேரு கீற பொண்ணு ரெண்டு சம்பளம் வாங்குமா என்று கேட்டுச் சிரித்தார்களாம்.

ஆகஸ்டில் விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இந்தப் பெண் இந்துதான், ஏட்டில் உள்ளதே சரி, கட்டுரை சின்னப் பிள்ளைகளின் கற்பனை, மொழி தெரியாமல் எதையோ புரிந்துகொண்டு எழுதியிருக்கிறார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முழுப் பொய். பட்டம் வாங்கிய நாளிலிருந்து ஒரு மாணவிக்கும் அரை மதிப்பெண் கூட்டிப் போட்டதில்லை நான், ஆனால் அன்றைக்கு அதை ஒரே மூச்சில் எழுதினேன். தாசில்தார் கெட்டவர் இல்லை, தலைமை ஆசிரியையே எழுதிக் கொடுத்த பிறகு முடித்துவிடலாம் என்கிற முகத்தோடுதான் இருந்தார். ஒரு சம்பிரதாயத்துக்காக உங்கள் பள்ளிக்கும் கடிதம் போட்டிருந்தார். ஒரு வரியில் பதில் வந்திருந்தாலும், பதிலே வராமல் போயிருந்தாலும், அவள் இன்று வகுப்பில் உட்கார்ந்திருப்பாள். நீ எட்டுப் பக்கம் எழுதினாய். சட்டம் எவ்வளவு அநியாயமானது என்று நான்கு பக்கம், கட்டுரையில் உள்ள ஒவ்வொரு தகவலும் சரிபார்க்கப்பட்டது என்று நான்கு பக்கம், கூடவே ஆதாரமாக, ஜனவரியில் நீங்கள் அவளிடம் பேசிப் பதிவுசெய்த ஒலிநாடாவின் பிரதி. எங்கள் பள்ளியில் உண்மையை மறைப்பதில்லை என்று கடைசியில் ஒரு வாக்கியம். அதைத் தாசில்தார் எனக்குப் படித்துக் காட்டினார். உங்க பொண்ணு நியாயமாத்தாம்மா எழுதியிருக்காங்க, ஆனா நான் கேட்டதுக்கு மேலயே சொல்லிட்டாங்களே, நான் என்ன பண்ணட்டும் என்றார். அந்த மனிதரின் குரலில் வருத்தம் இருந்தது, உன் எட்டுப் பக்கத்தில் அது எங்கேயும் இல்லை.

பிறகு ஒலிநாடாவைப் போட்டார்கள். அறையில் தாசில்தார், ஒரு குமாஸ்தா, நான், அருள்தாஸ், செங்கேணி. அனுப்புவதற்கு முன்னால் நீ அதைக் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரிந்தது, கேட்டிருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். உன் பேர் என்ன என்று பிள்ளைகள் கேட்கச் சொன்னதை நீ கேட்கிறாய். எந்தப் பேரு அக்கா, வூட்ல எஸ்தரு, இஸ்கூல்ல செங்கேணி, சாமிக்கு ரெண்டும் தெரியும், சர்க்காருக்குத்தான் ஒண்ணு தெரியாது என்கிறாள், நீ ஆங்கிலத்தில் சொல்கிறாய், எல்லோரும் சிரிக்கிறீர்கள். அந்த அறையில் குமாஸ்தாவும் சிரித்தான். செங்கேணி தன் குரலை இயந்திரத்தில் கேட்பது அதுதான் முதல் தடவை, என் கொரலா டீச்சர் இது என்று என் காதில் கேட்டாள். அதற்கு அடுத்ததுதான் நான் இந்தக் கடிதத்தை எழுதக் காரணம். அக்கா, இத்த மட்டும் எழுத வேணாம்னு அவங்களாண்ட சொல்லிடுங்க, வெளிய தெரிஞ்சா என் சீட்டு பூடும் என்கிறாள். சேச்சே, யாரும் எழுத மாட்டாங்க, நீ பயப்படாம சொல்லு என்கிறது உன் குரல். உடனே பிள்ளைகள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில், இரண்டு பெயருமே தனக்குப் பிரியமானவை என்று சொல்கிறாள் என்கிறாய். சுகுணா, நான் அதை என் காதால் கேட்டேன். தாசில்தார் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, இதுக்கு மேல எழுத்துமூலமா எனக்கு எதுவும் வேணாம்மா, தெரிஞ்சே மறைச்சிருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு என்றார். அவள் உன்னிடம் கெஞ்சியதுதான் அவளுக்கு எதிரான சாட்சியாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளுக்கும் இப்போது ஓரளவு ஆங்கிலம் புரியும் என்பதை நீ கணக்கில் எடுக்கவில்லை. மானாம்பதி தாண்டியதும், டீச்சர், நான் சொன்னதை அக்கா அவங்களாண்ட சொல்லவே இல்லியே, ஏன் டீச்சர் என்று கேட்டாள். பேச்சு தடைப்பட்டுவிடும் என்று நினைத்தாயோ, நல்ல கட்டுரை ஒன்று கைநழுவிவிடும் என்று நினைத்தாயோ, உன் பிள்ளைகள் முன்னால் இங்கே இப்படிப் பயந்து வாழ்கிறார்கள் என்று சொல்ல வெட்கப்பட்டாயோ, எனக்குத் தெரியாது. அருள்தாஸ் மட்டும் சொன்னான். சுகுணாம்மா மேல எனக்குக் கோவமில்ல டீச்சர், எங்க வூட்ல குந்திக்கினு கூழு குடிச்சாங்க, அத்த ஊரு முச்சூடும் சொல்லிக்கினு இருந்தேன், இனிமே சொல்ல மாட்டேன், அவ்ளோதான் என்றான்.

அக்டோபர் நான்காம் தேதி அவளைப் பயிற்சியிலிருந்து நீக்கி உத்தரவு வந்தது. இறுதித் தேர்வுக்கு ஆறு மாதம்தான் இருந்தது. இனி வேறு எந்த சர்க்கார் விண்ணப்பத்திலும் இது கூடவே வரும். காலனியில் அவளுக்குப் பின்னால் படிக்கிற நான்கு பெண்களின் ஏடுகளையும் கேட்டிருக்கிறார்கள். பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு எனக்கும் விளக்கம் கேட்டு வந்திருக்கிறது, அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம், பொய் சொன்னதற்காக நான் வருத்தப்படவில்லை. செங்கேணி இப்போது அம்மாவோடு பாண்டுரங்கன் கிணற்றடி நிலத்தில் நடவுக்குப் போகிறாள். ஆம், அவர் நிலத்தில்தான், இந்த வருஷம் வேறு எங்கே வேலை இருக்கிறது. அங்கே அவளை எஸ்தர் டீச்சர் என்று கூப்பிடுகிறார்கள், கேலிக்கு. உங்கள் பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டம் நடத்தி, பத்தொன்பது நாட்டுப் பிள்ளைகள் கையெழுத்திட்டு அனுப்பிய வாழ்த்து அட்டையும் வந்து சேர்ந்தது. உறைமேல் எஸ்தர் என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தீர்கள். தபால்காரர் அதைக் காலனி முனையில் நின்று உரக்கக் கூப்பிட்டுக் கொடுத்தார். உங்கள் பள்ளி விடுதியில் ஆயா வேலைக்கு அவளை எடுத்துக்கொள்ளத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார் என்று நீ சந்தோஷமாக எழுதியிருந்ததை நான் அவளிடம் அப்படியே சொன்னேன். பசங்களுக்குப் பாடம் சொல்லத்தான் டீச்சர் நான் படிச்சேன், அவங்க படுக்கை விரிக்க இல்ல, அக்காவாண்ட சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தில் எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்தது கடைசிப் பக்கம். இங்கிரிட் சரியாகச் சாப்பிடுவதில்லை, என்னால்தான் அந்தப் பெண் கெட்டாள் என்று அழுகிறாள், நான் எவ்வளவு சமாதானம் சொல்லியும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பதினாறு வயதுப் பெண், நம்மை நம்பித் தேசம் விட்டு வந்திருப்பவள், தான் செய்யாத காரியத்துக்காக அழுதுகொண்டிருக்கிறாள். எழுத வேண்டாம் என்று செங்கேணி கேட்டது அவள் காதுக்குப் போகவே இல்லை, போயிருந்தால் அவள் எழுதியிருக்க மாட்டாள், அந்தப் பெண்ணை எனக்குப் பத்து நாள் தெரியும். அது உனக்குத் தெரியும். தெரிந்தும் அவளுக்கு நீ சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறாய். இதைப் படித்தபோது உன்னைப் பெற்றதற்காக எனக்கு முதல் தடவையாக வெட்கமாக இருந்தது. அப்பாவிடம் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டவில்லை, கண் தெரியாதது ஒரு வகையில் நல்லதாயிற்று.

செங்கேணிக்குப் பணமோ துணியோ எதுவும் அனுப்பாதே, கடிதமும் போடாதே, அவள் கேட்கவில்லை. ஜனவரியில் மறுபடி பிள்ளைகளை அழைத்து வந்து என்ன ஆயிற்று என்று பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய், கூடாது. நீ தனியாக வருவதானால் வா, சோறு போடுகிறேன், காவாந்தண்டலத்துக்கு உன்னோடு நான் வர மாட்டேன். அவளுக்கு ஆனதை நீயும் நானும் இனி ஒன்றும் செய்ய முடியாது. இங்கிரிட்டுக்கு ஆகிக்கொண்டிருப்பதை உன்னால் நிறுத்த முடியும். ஒலிநாடாவின் மூலப்பிரதி பள்ளி நூலகத்தில் இருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பதினொரு பேரையும் உட்காரவைத்து அதைப் போடு. அந்த இடம் வந்ததும் நிறுத்தி, அவள் சொன்னதை அவள் சொன்னபடியே ஆங்கிலத்தில் சொல். அன்றைக்கு அதற்குப் பதிலாக நீ என்ன சொன்னாய் என்பதையும் சொல். ஏன் என்று கேட்பார்கள், நல்ல பள்ளியில் படிக்கிற பிள்ளைகள், கேட்காமல் விட மாட்டார்கள். பதில் சொல். அவர்கள் உன்னைப் பிறகு எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசித்துக்கொண்டு நிற்காதே, அதைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

சாமியிடம் கேட்டுப் பழக்கமில்லாதவள் நான், இருந்தாலும் உனக்கு நல்ல ஆயுளும் நல்ல புத்தியும் கிடைக்கட்டும் என்று மனதாரச் சொல்கிறேன். கம்பளி உடுப்பைப் பெட்டியிலேயே வைத்திருக்காமல் எடுத்துப் போட்டுக்கொள், ராத்திரியில் காதுக்குப் பஞ்சு வை. இந்தக் கடிதம் சனிக்கிழமை வாக்கில் உன் கைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வகுப்பு இருக்காது, அன்றைக்கே செய், திங்கட்கிழமைக்குத் தள்ளாதே. செய்த பிறகு எனக்கு எழுது, அதற்கு முன்னால் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
கனகா