வெளிச்சம் தொண்ணூறு

அன்பு மாப்ள செல்வினுக்கு,

கடந்த ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து வந்ததும், குடும்பத்தாரைக் கூடத்தில் உட்காரவைத்து, அவர்கள் முன்னிலையில் என் டிவியின் வெளிச்ச அளவைத் தொண்ணூறிலிருந்து ஐம்பதுக்கு இறக்கினேன். யாரும் கைதட்டவில்லை. "என்னத்த அமுக்குனீங்க, படம் இருட்டிக்கிட்டு வருது?" என்று மட்டும் என் மனைவி கேட்டாள். இதன் முக்கியத்துவம் உனக்குத்தான் புரியும் என்பதால் எழுதுகிறேன்.

நம்மை அறியாதவர்களும் இதைப் படிப்பார்கள், ஆகவே வழக்கின் விவரம். கல்லூரி நாட்களில் ஆரப்பாளையத்து வீடியோ கேம் கடையில் மணிக்கணக்காக நாம் ஆடிய மலைப்பாதைக் கார் பந்தயம், அடுத்த தலைமுறைக் கன்சோலுக்கு மறுபடி வந்தது. அதற்கடுத்த தலைமுறைக்கு மறுபடியும் வந்தது. பழையதில் மலை முழுக்கப் பனி. தூரத்து மலையை வரைய அந்தக் கன்சோலுக்குத் திராணி இல்லை. பனியைப் போட்டு மறைத்திருந்தார்கள். புதியதில் பனியை எடுத்துவிட்டார்கள். ஏழு வளைவுக்கு அப்பால் மேயும் ஆடு வரை தெரியும். இது வளர்ச்சியா, துரோகமா? வேலையும் குடும்பமும் உள்ள நாற்பது ஆண்கள் போனில் குழு வைத்து மூன்று வருடம் இதைப் பேசினோம்.

"பனிய எடுத்துட்டா அது மலை இல்ல மாப்ள, வெறும் ரோடு. வளைவு கண்ணுக்குத் தெரியக் கூடாது, கைக்குத் தெரியணும்" என்பாய். ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவன். எதையும் பொறுமையாகச் சொல்வாய். அந்தப் பொறுமைதான் எனக்கு ஆகவில்லை.

நம் குழுவில் தீர்ப்பு என்பது இரண்டு படங்களை ஒட்டி நடுவில் கோடு போடுவது. இடது பழையது, வலது புதியது. அதைச் செய்பவன் நான். புதியதைப் படமெடுத்த பிறகு, பழையதற்காக மட்டும் டிவியின் வெளிச்சத்தைத் தொண்ணூறுக்கு ஏற்றினேன். பிறகு அதை இறக்கவேயில்லை. பனி கஞ்சித் தண்ணீராகத் திரை முழுக்க நின்றது. குழு சிரித்தது. "வாத்தியாரே, கண்ணாடியத் தொடைங்க." "அண்ணே, அது பனி இல்ல, உங்க கண்ணுல புரை." நானும் ஒரு சிரிப்பு பொம்மை போட்டேன்.

நீ கோபப்படவில்லை. "படம் வேணாம்டா. ஆனையூருக்கு வா, என் பழைய டிவில ஒரு ரவுண்டு ஓட்டிப் பாரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்" என்றாய். வாரேன் என்றேன். பத்து மாதம் வாரேன் என்றேன். பிறகு வந்தேன், மாலையோடு.

படவேலை தெரிந்தவன் என்று அஞ்சலி பிளெக்ஸையும் என்னிடமே விட்டார்கள். உன் ஸ்டெல்லா உன் போனையே கையில் கொடுத்தாள். சாயங்காலம் வாசலில் வைத்து அவள் எடுத்த படம். பாதி முகம் நிழல், தாடையில் அம்மைத் தழும்பு, நூல் சுற்றிய கண்ணாடிக் காம்பு. வெளிச்சத்தை ஏற்றினேன். நிழலை எடுத்தேன். தழும்பையும் எடுத்தேன். கண்ணாடிக்குப் புதுக் காம்பு போட்டேன். பழையதன் மேலேயே சேமிக்கவா என்று போன் கேட்டது. ஆம் என்று அழுத்தினேன். பிளெக்ஸ் கடைக்காரர், "மொகத்த இன்னுங் கொஞ்சம் வெளுப்பாப் போடவாண்ணே? எல்லாருக்கும் போடுறதுதான்" என்றார். போடுங்க என்றேன்.

கட்டி முடித்ததும் உன் மூன்று வயதுப் பாப்பா கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இது யாரு மாமா?"

"அப்பாதான் பாப்பா."

"இல்ல. அப்பா வேற."

ஸ்டெல்லா படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "பழைய படம் இருக்குல்லண்ணே?" என்றாள். அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இருக்கும்மா" என்றேன்.

இல்லை மாப்ள. உன் கல்யாண ஆல்பத்தில் ஸ்டுடியோக்காரர் என் வேலையை எனக்கு முன்பே செய்துவைத்திருக்கிறார். வீட்டில் மற்ற எல்லாப் படங்களையும் எடுத்தவன் நீ. எதிலும் நீ இல்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து உன் பழைய டிவி முன் உட்கார்ந்து ஓட்டினேன். பனி கஞ்சியாக இல்லை. சாம்பல் நிறத்தில், ஒரு கார் நீளத்துக்கு மட்டும் வழிவிட்டுக்கொண்டே வந்தது. மூன்றாவது வளைவில் கை தானாகத் திரும்பியது. நீ சொன்னது சரி. அன்றே என் தில்லுமுல்லைக் குழுவில் எழுதினேன். உடனே ஒருவர் கேட்டார்: "அப்ப மூணாவதா வந்தத எந்த டிவில பாக்கணும்ணே?" அரை மணியில் இரண்டு கட்சியாகிவிட்டார்கள்.

ஸ்டெல்லாவிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. உன் பள்ளி ஆண்டுவிழாப் படங்களில் யார் தோளுக்குப் பின்னாலாவது நீ நின்றிருப்பாய் அல்லவா? ஒவ்வொரு ஆசிரியராகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரை முகமே கிடைத்தாலும் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் சட்டம் போட்டு, ஆனையூருக்கு நானே கொண்டுவந்து, நான் செய்ததைச் சொல்லி அவள் கையில் கொடுப்பேன். இந்த வாரேன் பழைய வாரேன் இல்லை.

பிளெக்ஸ் படத்தையே சிறிதாக்கி உன் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார்கள். பாப்பா இப்போது அதைப் பார்த்து அப்பா என்கிறாள்.

உன் மாப்ள, பாப்பாவின் மாமா,
ஞானராஜ்