தோசை மாவு வாளியும் உன் முதல் பீரும்

என் முரளிக் கண்ணு,

நீ உயிரோடு இருந்தவரை உன்னை ஒரு நாளும் நான் இப்படிக் கூப்பிட்டதில்லை. "டேய்" என்பேன். கோபம் வந்தால் முழுப்பேரையும் இழுத்துச் சொல்வேன். காது கேட்காத இடத்துக்கு நீ போன பிறகு கொஞ்சுகிறேன், பார்.

அடுத்த வாரம் உனக்கு வருஷம் முடிகிறது. பத்திரிகையில் உன் படத்தைப் போட்டு, கீழே "உன் பிரிவால் வாடும் குடும்பத்தார்" என்று எழுத என் வீட்டுக்காரர் ஏற்பாடு செய்துவிட்டார். அந்தக் கட்டத்துக்குள் அடங்காத ஒன்றை உனக்குச் சொல்ல வேண்டும். எல்லாரும் கேட்கும்படிதான் சொல்லப் போகிறேன். உன்னை எல்லார் முன்னாலும் வைத்துத்தானே அவமானப்படுத்தினேன்?

போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி. அதற்கு ஒரு மாதம் முன்னால் நீ உன் பிரிக்ஃபீல்ட்ஸ் அறையிலிருந்து ரயிலேறி கிள்ளானில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாய். பையில் ஒரு பெரிய டின், அதற்குள் மால்ட் பாகு. கூடவே ஒரு சின்னப் பொட்டலம் ஈஸ்ட்.

"அக்கா, மூடி போட்ட பெரிய வாளி ஒண்ணு குடு லா."

"எதுக்குடா?"

"ரூம்லயே பீர் செய்யப் போறேன். கடை பீர வாங்கிக் கட்டுப்படியாகல."

தோசை மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். என் வீட்டில் வாளிக்கா பஞ்சம்? மாவு பொங்க வைக்கும் வாளிகளிலேயே பழசான ஒன்றை, 'கனகா மாவு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்ததை, உன் பக்கம் தள்ளினேன். "இதாவது உருப்படுதான்னு பாப்போம்" என்றேன். நீ தொடங்கி மூடிப்போன கார் கழுவும் கடை, ஓடாத பர்கர் வண்டி, நின்றுபோன நிச்சயம், மூன்றுக்கும் சேர்த்து ஒரே குத்து. உனக்கும் புரிந்தது. சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிக்கொண்டு போனாய்.

தீபாவளியன்று பன்னிரண்டு பாட்டில்களோடு வந்தாய். உன் கூட ஏர்கோன் மாட்டும் வேலை பார்க்கிறவர்கள், சித்தப்பா வீட்டார், பக்கத்து வீட்டார் என்று கூடம் நிறைய ஆள். ஒவ்வொருவருக்கும் நீயே ஊற்றிக் கொடுத்தாய். சித்தப்பா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நானும் வாங்கி மோந்து பார்த்தேன். அப்படி ஒரு புளிப்பு.

"மாவு புளிச்சா தோசையாவது ஊத்தலாம். இத வச்சு என்னடா ஊத்துறது? நீ தொட்டது எதுடா இதுவரைக்கும் உருப்பட்டிருக்கு?"

கூடமே சிரித்தது. நீயும் சிரித்தாய். பிறகு மிச்சமிருந்த பாட்டில்களைப் பின்பக்கம் கொண்டுபோய் ஒவ்வொன்றாகக் கால்வாயில் கவிழ்த்தாய். ஜன்னல் வழியாக நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். போய் ஒரு வார்த்தை பேசத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து வாளியைப் பளிச்சென்று கழுவித் திருப்பிக் கொண்டுவந்தாய். "என்னடா, பீர் கம்பெனி மூடியாச்சா?" என்றேன். "ஆமாக்கா, நமக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது" என்றாய். நாலு தோசை தின்றுவிட்டுக் கிளம்பினாய். அதுதான் நீ என் வீட்டில் கடைசியாகச் சாப்பிட்டது. அந்த மாதமே, காலையில் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போனவனை லோரி அடித்துவிட்டது என்று போன் வந்தது.

உன் அறையைக் காலி செய்தபோது இன்னொரு டின் கிடைத்தது, பிரிக்காமலே. அதோடு ஒரு நோட்டு. பாகை எவ்வளவு தண்ணீரில் கலப்பது, எவ்வளவு ஆறிய பிறகு ஈஸ்ட் போடுவது என்று எல்லாம் எழுதி வைத்திருந்தாய். "வாளியைச் சுடுதண்ணியில் மூன்று தடவை கழுவு. நம்ம ஊர் சூட்டுக்கு ஈரத்துண்டு சுற்று. காலையும் மாலையும் ஐஸ் பாட்டில் மாற்று. அவசரப்பட்டு மூடியைத் திறக்காதே." உனக்கு இவ்வளவு பொறுமை இருந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் என்றைக்கு உன்னிடம் உட்கார்ந்து பேசினேன்?

வருஷப் படையலுக்குக் கடையில் ஒரு ஸ்டவுட் பீர் வாங்கி வைத்தால் போதும் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. உன் டின்னிலேயே, உன் நோட்டைப் பார்த்தே செய்ய வேண்டும் என்று ஒரு பிடிவாதம். வாளியும் அதேதான். ஒன்று விடாமல் செய்தேன். பத்து நாள் பொறுத்து மூடியைத் திறந்தால் அதே புளிப்பு. என் முதல் நினைப்பு என்ன தெரியுமா? 'பாத்தியா, இவன் எழுதி வச்சதே கோளாறு.' செத்த பிறகும் உன்னை விடவில்லை நான்.

டின்னில் ஒட்டியிருந்த கடை விலாசத்தைப் பார்த்து, வாளியும் கையுமாகச் செராஸில் இருக்கும் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரச் சீன அங்கிள் வாளியை வாங்கி ஒரு தடவை மோந்தார்.

"இனி பால்டி டுலு இசி ஆப்பா, ஆன்டி?" முன்னால் இதில் என்ன வைத்திருந்தீர்கள் என்று மலாயில் கேட்டார்.

தோசை மாவு என்றேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உள்பக்கம் கரண்டி கீறின கோடுகளை விரலால் தடவிக் காட்டினார். மாவைப் புளிக்க வைக்கும் கிருமி அந்தக் கீறல்களுக்குள் குடியிருக்கிறது, எத்தனை கழுவினாலும் போகாது, பீரில் விழுந்தால் பீரையும் புளிக்க வைத்துவிடும் என்றார். மாவைப் புளிக்க வைப்பது என் தொழில். எனக்கே இது உறைக்கவில்லை.

பிறகு அவர் வாளியைத் திருப்பி, சிவப்பு எழுத்தைப் பார்த்தார். இந்த எழுத்து எனக்கு ஞாபகம் இருக்கிறது, போன வருஷம் தீபாவளி முடிந்த சமயம் ஒரு தம்பி இதே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார், அவரிடமும் இதையேதான் சொன்னேன் என்றார்.

முரளி, உனக்குத் தெரியும். அந்த நாலு தோசையைத் தின்றபோதே உனக்குத் தெரியும். நான் "கம்பெனி மூடியாச்சா" என்று கேட்டபோது வாளி நம் இரண்டு பேருக்கும் நடுவில்தானே இருந்தது. ஏன்டா சொல்லவில்லை?

அக்கா மனசு நோகும் என்று சும்மா இருந்தாயா? அப்படி நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் என்னை எனக்குத் தெரியாதா? நீ சொல்லியிருந்தால், "செய்யத் தெரியலன்னா வாளி மேல பழி போடாதே" என்றிருப்பேன். அதற்கும் நாலு பேர் சிரித்திருப்பார்கள். அது தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டாய். நான் நம்புவேன் என்கிற நம்பிக்கையே உனக்கு இல்லாமல் போனது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரே ஒரு தடவை என்னை எதிர்த்துக் கத்தியிருக்கலாம். "உன் வாளிதான்டி கெட்டது" என்று கூடத்தின் நடுவில் போட்டு உடைத்திருக்கலாம். இப்போது மன்னிப்புக் கேட்டால் யார் காதில் விழும்? உன் படத்துக்கு நான் போட்ட பூ காய்ந்ததுதான் மிச்சம்.

புது வாளி வாங்கினேன். அந்த அங்கிளிடமே இன்னொரு டின்னும். மாவு வாசமே படாத முன்னறையில், ஈரத்துண்டு சுற்றி வைத்தேன். ஐஸ் பாட்டிலை நான்தான் மாற்றினேன், காலையும் மாலையும். நேற்று பாட்டிலில் அடைத்து முடித்தேன். படையலன்றைக்குத்தான் திறப்பேன். சரியாக வந்ததா என்று எனக்கே இன்னும் தெரியாது.

அன்றைக்குச் சித்தப்பா வருவார், உன் கூட வேலை பார்த்தவர்கள் வருவார்கள், அன்று சிரித்த அத்தனை பேரும் வருவார்கள். பழைய வாளியைக் கூடத்தின் நடுவில் வைப்பேன். உன் பீர் புளித்தது என்னால்தான், உன் கையில் ஒரு கோளாறும் இல்லை, இது தெரிந்தும் நீ பேசாமல் போனாய் என்று சொல்வேன். பாட்டிலைத் திறக்கிறதுக்கு முன்னாலேயே சொல்வேன். உள்ளே இருப்பது இந்தத் தடவையும் புளித்துப் போயிருந்தாலும் சொன்னது சொன்னதுதான்.

அந்த வாளியை உனக்குக் கொடுத்த
உன் அக்கா,
கனகா